மூன்றாம் மாடியின் ஈரக்கோடு

மாதாமுனைக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கித்தேரி தன் மீன்தொட்டிக்கு மணல் பரப்பிப் புது விளக்கு மாட்டிய மறுநாள் மத்தியானம், தொட்டித் தண்ணீர் மெல்ல ஏறி, கண்ணாடி விளிம்பைத் தாண்டி, டிவி ஸ்டாண்டின் தட்டுகளில் இறங்கி, ஹாலைக் கடந்து, வாசற்படி வரைக்கும் வந்து, ஒரு ஆள் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளி மடித்து வாயில் போடுகிற நேரம் அங்கே நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போய்த் தொட்டிக்குள் ஏறிக்கொண்டது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கித்தேரி, கால்விரல் நனைந்ததும் எட்டிப் பார்த்து, "கடல் ஏத்தம் வந்துட்டுபோல" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டாள். வாசற்படியை ஒட்டி நுரை ஒரு வளைந்த கோடாகக் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்கூடக் குறையவில்லை.

தொட்டி வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கடலைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்கிற ரகம் இல்லை கித்தேரி. கடல் என்றால் அவளுக்குக் காயாத பாவாடையும், உப்பு அரித்த விரலிடுக்கும், புருஷன் கரையேறும்வரை வயிற்றுக்குள் கிடந்து உருளும் கல்லும்தான். கம்பெனிக்காரர்கள் வந்து கரை நெடுகச் சுவர் எழுப்பி, சுவருக்கு அந்தப் பக்கம் வெளியூர்ப் பணக்காரர்கள் தங்கிப்போகிற பங்களாக்களைக் கட்டி, ஊரைத் தூக்கிப் பனங்காட்டு ஓரத்தில் மாடிக் கட்டடத்துக்குள் வைத்தபோது ஊரே மாரில் அடித்துக்கொண்டது, அவள் அடித்துக்கொள்ளவில்லை. படகுகளை எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. ஒழுகாத கூரை, பூட்டு விழுகிற கதவு, இடுப்பில் சொருகிக்கொள்ள ஒரு சாவி, இதெல்லாம் அவள் அம்மைக்கு இருந்ததில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சாவி கொடுத்த அன்று கம்பெனி மேனேஜர் தனசேகர் மைக்கைப் பிடித்துச் சிரித்த முகமாக, "இனிமேல் உங்களுக்குக் கடல் தொந்தரவு இல்லை" என்று சொன்னார் பாருங்கள், அது மட்டும் அவள் தொண்டையில் குறுக்கே நின்ற முள்ளாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் நூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் தெருவில் போகிறவன் நுழைந்து தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த வாரமே டவுனுக்குப் போய், நிஜாம் பாயின் வண்ணமீன் கடையில், யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்த ஆள் நீளத் தொட்டி ஒன்றை வாங்கி, ஷேர் ஆட்டோவின் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். கடல் எனக்குத் தொந்தரவா இல்லையா என்பதை நான் சொல்கிறேன் என்று வழியெல்லாம் ஆட்டோக்காரனிடம் பேசிக்கொண்டு வந்தாளாம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

தொட்டிக்குள் போட்ட கல்லும் கடைக்கல் இல்லை. மாதாமுனையின் பழைய வீடுகளுக்கெல்லாம் அஸ்திவாரம் பவளக்கல்தான். அந்தக் காலத்தில் கடலுக்குள் மூழ்கிப் பெயர்த்துக்கொண்டு வந்து, சுண்ணாம்பு பூசி, மேலே சுவர் வைத்துவிடுவார்கள். ஜேசிபி வந்து கித்தேரியின் வீட்டைத் தள்ளியபோது அவள் மீன்கூடையில் பொறுக்கிக்கொண்டு வந்தது அந்தக் கற்களைத்தான். அவற்றில் ஒன்று பழைய வீட்டின் அடுப்படி மூலையில் இருந்தது. கரி இன்னும் போகவில்லை. தொட்டிக்குள் அந்தக் கற்களுக்கு நடுவே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் முறைத்துக்கொண்டு திரிந்தன. தரை வெறும் கண்ணாடி. மேலே ஒரு பழைய டியூப்லைட். ரொம்ப நாள் வரைக்கும் கல்லின் மேல் பழுப்புப் பாசி படர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் நிஜாம் பாய் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "கல்லெல்லாம் மூச்சுமுட்டிக் கெடக்குக்கா" என்றார். கல்லுக்குள் உயிர் வர வேண்டுமானால் அடியில் நாலு விரல் கனத்துக்கு மணல் வேண்டும், மணலுக்குள் பூச்சியும் புழுவும் குடியிருக்க வேண்டும், மேலே சூரியனைப் போல நீலமும் வெள்ளையுமாக விடிந்து உச்சிக்கு வந்து சாய்கிற விளக்கு வேண்டும் என்று சொன்னார். மணல் வெளிநாட்டிலிருந்து பாக்கெட்டில் வருகிறது, அதை வாளியில் போட்டுத் தண்ணீர் தெளிகிறவரை கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார். விளக்குக்குக் கித்தேரி சரி என்றாள். சீட்டு எடுத்த கையோடு வாங்கியும் விட்டாள். மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிற காரியத்துக்கு மட்டும் அவள் மனசு ஒப்பவில்லை.

அவள் புருஷன் சந்தியாகு ஒரு காலத்தில் இழுவைப் படகில் டிரைவர். இப்போது கம்பெனிச் சுவரின் பெரிய கேட்டில் நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன். ஊரிலிருந்து யாரும் கடற்கரைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஊர்க்காரர்கள் அவனை வேண்டுமென்றே "ஆபீசர்" என்று கூப்பிடுவார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். கித்தேரி அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: சோறு கொண்டுபோகிற தூக்குவாளி சாயங்காலம் காலியாகத்தானே திரும்பி வருகிறது.

"பிடிச்சான்னா வேலை போயிரும்ட்டி."

"சோத்துல மண்ணு விழுந்துட்டுன்னு சொல்லும்."

அப்படித்தான் கரை வந்தது. சோறு போன பாத்திரத்தில், குழம்பு வாடை மாறாமல், ஒரு நாளைக்கு ஒரு வாளியாக, பங்களாக்காரர்கள் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்துக்கிடக்கிற மணல் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தது. நிஜாம் பாய் போனில் நன்றாகக் கழுவினாயா என்று கேட்டபோது, கழுவினேன் என்று கித்தேரி வாய் கூசாமல் சொன்னாள். கடல் மண்ணைப் போர்வெல் தண்ணீரில் கழுவுவது அவளுக்கு மாதா சொரூபத்தைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது மாதிரி இருந்தது. கிளிஞ்சல், பாசி நார், அறுந்த வலையின் ஒரு நூல் முடிச்சு, எல்லாவற்றோடும் அப்படியே கொட்டிப் பரப்பிவிட்டாள். தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. விடியும்போது தெளிந்திருந்தது. மத்தியானம் ஏற்றம் வந்தது.

முதல் வாரம் ஏற்றம் வாசற்படியோடு நின்றது. அடுத்த வாரம் வராண்டாவுக்கு வந்து மாடிப்படியில் இறங்கப் பார்த்தது. இரண்டாம் மாடியில் இருக்கிற பிரகாசி, வீடு வீடாகப் பேசினில் மீன் சுமந்து விற்கிறவள், சிரிப்பில்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவள், முந்தானையைப் பிழிந்துகொண்டே மேலே வந்தாள்.

"யக்கா, ஒன் வீட்டுக் கடலு எங்க வீட்டுச் சாம்பார்ல சொட்டுது. உப்பு போட மறந்துட்டேன்னு ஆருக்கா சொன்னது ஒனக்கு?"

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. ஏற்றம் வடிந்த பிறகு படிக்கட்டுத் திருப்பத்தில் தேங்கிய நுரையில் விற்காத சாளை மீனைப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் அது கண் வெளுக்காமல், அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி கிடந்தது. அதற்குப் பிறகு அவள் ஐஸ் வாங்குவதை விட்டுவிட்டாள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் இப்படி. எல்லா வீட்டிலும் அரிசி டிரம்மைச் செங்கல்லின்மேல் ஏற்றினார்கள். செருப்புகளை ஆணியடித்துச் சுவரில் மாட்டினார்கள். பிளக் பாயிண்டுகளை நெஞ்சு உயரத்துக்கு மாற்றித் தருவதற்கு டவுனிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்து, நாள்பூராவும் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஒரு தடவை கேட்டு, கித்தேரி வீட்டிலிருந்து என்று பதில் வந்ததும் திருப்தியாகி, காபி குடித்துவிட்டுப் போனார். முட்டுவலிக்காரர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். அறுந்த பட்டனிலிருந்து தொலைந்த கம்மல் வரைக்கும் எது விழுந்தாலும் தண்ணீர் திரும்புகிற வற்றம் அதை மேலே இழுத்துக்கொண்டு போய்க் கித்தேரியின் தொட்டியோரம் போட்டுவிடும் என்பதால், சாமான் தொலைத்தவர்கள் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். துறைமுகத்துக்கு பஸ் பிடித்துப் போய்த் தொழில் செய்துகொண்டிருந்த ஆண்கள், ஏற்றம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி வருவதைக் கவனித்து, பிறையைப் பார்த்து நேரம் சொல்கிற பழக்கத்தைத் திரும்பப் பிடித்தார்கள். ஒருவன் சொன்ன நேரம் தப்பினால் மற்றவர்கள் அவனை வாரக்கணக்கில் ஓட்டினார்கள். பங்குச் சாமியார் வந்து தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, விளக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். கற்களில் இருந்த பழுப்பு உரிந்து, அங்கங்கே ஊதாவும் பச்சையுமாக மொட்டு மொட்டாக என்னவோ வெடித்துக்கொண்டிருந்தது. அடுப்படிக் கல்லின் கரிக்கு நடுவில்கூட ஒரு மஞ்சள் பூ.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். தரைத்தளத்து பெர்னாந்து புதிதாக பைக் எடுத்திருந்தான். உப்புத் தண்ணீர் பைக்கைத் தின்றுவிடும் என்று ஊர்க்கமிட்டியிடம் போனான். கமிட்டி கூடுவதற்கு இந்தக் கட்டடத்தில் வேறு இடம் இல்லாததால் மாடிப்படியிலேயே கூடியது. தலைவர் இஞ்ஞாசி அண்ணாச்சி மேல்படியில், மற்றவர்கள் கீழே கீழே, பெண்கள் வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பெர்னாந்து பேசி முடித்தபின் இஞ்ஞாசி அண்ணாச்சி ஈரக்கோட்டை ஞாபகப்படுத்தினார். மாதாமுனையில் கொடியேற்றத் திருநாளன்று பூசை முடிந்ததும் கமிட்டி கரையோடு நடந்துபோய், அந்த வருஷத்தில் அலை வந்து நனைத்த கடைசி இடம் எதுவோ அங்கெல்லாம் பூவரசங் கம்பு நடுவது வழக்கம். கம்புக்குக் கடல் பக்கம் இருப்பது எல்லாம் கரை. கரையில் யாரும் படகு ஏற்றலாம், வலை காயப்போடலாம், கருவாடு விரிக்கலாம், மல்லாந்து தூங்கலாம். ஆனால் கரையில் யாரும் சுவர் வைக்கக் கூடாது, கதவு போடக் கூடாது, என்னுடையது என்று சொல்லக் கூடாது. அலை தொட்ட வீடாக இருந்தால், வீட்டுக்காரன் தன் கையால் கதவைக் கழற்றிவிட வேண்டும். கம்பெனிச் சுவர் வந்த பிறகு கம்பு நடவே இல்லை, நடுவதற்குக் கரையில்லை.

"கடல் வந்திருக்கு. கம்பு நடாம இருக்க நமக்கு அதிகாரம் கெடையாது" என்றார் இஞ்ஞாசி அண்ணாச்சி.

அப்படியென்றால் பைக் நிறுத்துகிற இடம் யாருக்கு என்று பெர்னாந்து கேட்டான். கரை என்றார். படிக்கட்டு? கரை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்தது போல மூன்றாம் மாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"கோடு ஒன் ஹால்லேந்துதான தொடங்குது, தாயி."

கித்தேரி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாற்பது வயது வரைக்கும் அவள் எந்த இரவும் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியவள் இல்லை. காற்று வந்து எழுப்பும், நாய் வந்து எழுப்பும், சொந்தக்காரன் வந்து எழுப்புவான். இந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவளுக்குக் கோயில் மணி மாதிரி. சந்தியாகு வேலை முடிந்து வந்து, கதவைத் தட்டி, விஷயம் தெரிந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அணைச்சிரு" என்றான். "சுவிட்ச அமுக்குனா முடிஞ்சுபோற காரியம். வெளக்கு இல்லன்னா ஏத்தம் இல்ல. கோடும் இருக்காது, நம்ம வீடு நமக்கு."

"அந்த மேனேஜரு சொன்னாரே, கடல் தொந்தரவு இல்லன்னு. அது சரியாப் போயிரும்."

"சரியாத்தான் போட்டுமே. ஒனக்கு எப்பம்ட்டி கடல் மேல இவ்வளவு பாசம்?"

"பாசம் ஒண்ணும் இல்ல" என்றாள் கித்தேரி. "எனக்குக் கடல் வேண்டாம்னா நான் சொல்லணும். அவரு யாரு சொல்லுததுக்கு?"

தொட்டியில் விளக்கு சாய்ந்து நீலமாகிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் கித்தேரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கீலைத் திருகி, கதவைத் தானே கழற்றி, ஒற்றை ஆளாகச் சுமந்து வராண்டாவில் சாய்த்து வைத்தாள். இஞ்ஞாசி அண்ணாச்சி சட்டையைச் சரிசெய்துகொண்டு மேலே வந்து, நடுவதற்கு மண் இல்லாததால் ஒரு பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி, முதல் பூவரசங் கம்பை அதில் குத்தி, வராண்டா முனையில் வைத்தார்.

கதவில்லாத வீட்டில் இருப்பது லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கரை என்று ஆனபின் ஊர் கரையில் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் செய்தது. ஹாலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தினார்கள். ஜன்னல் கம்பியில் திருக்கை காய்ந்தது. யாருடைய பிள்ளையோ கட்டிலில் மூத்திரம் போனது. பெர்னாந்தின் தகப்பனார் மத்தியானத் தூக்கத்துக்குத் தினமும் வந்து தொட்டிக்கு நேரே படுத்துக்கொண்டு குறட்டை விட்டார். கித்தேரி ஒருநாள் குழம்பைத் திறந்து பார்த்தபோது மீனெல்லாம் போய்ச் சாறு மட்டும் இருந்தது. அவள் வாசலில் நின்றுகொண்டு, கதவில்லாத வாசலில், அறைந்து சாத்த ஒன்றும் இல்லாமல், ஊரின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லித் திட்டினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பிரகாசி மட்டும், கரையில் மீன் வைத்தால் காக்கா எடுக்கத்தான் செய்யும் என்று சொல்லி, மறுநாள் இரண்டு பெரிய ஊளி மீனைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் ஏற்றமும் பெருகிக்கொண்டே போனது. படிக்கட்டெல்லாம் இறங்கி, பைக்குகளைச் சுற்றி, ரேஷன் கடையைத் தாண்டி, தார்ரோட்டைக் கடந்து, கம்பெனிச் சுவர் இருக்கிற திசையைப் பார்த்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கொஞ்சம் அதிகமாகப் போயிற்று; போன இடமெல்லாம் கம்பு நகர்ந்தது. நிலத்துக்குள்ளிருந்து கடலைப் பார்த்து ஒரு கடல் போகிறதே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. அது வீட்டுக்குத்தானே போகும் என்றார்கள்.

மேனேஜர் தனசேகர் வந்தது அப்போதுதான். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் இரண்டு ஆட்களோடு படியேறி வந்து, ஹாலில் வலைக்கும் கருவாட்டுக்கும் நடுவே நிற்க இடம் தேடி நின்று, அவர் மரியாதையாகத்தான் பேசினார். தொட்டியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு ஒதுக்கீடு ரத்தாகும். சந்தியாகுவின் வேலையைப் பற்றியும் யோசிக்க வேண்டி வரும். கம்பெனி இவ்வளவு செய்து கொடுத்தும் இப்படிச் செய்தால் எப்படி என்று வருத்தப்பட்டார்.

"ரத்துப் பண்ணும் சார்" என்றாள் கித்தேரி. "இது என் வீடு இல்ல."

"உங்க பேர்லதானேம்மா கொடுத்தோம்?"

"கொடுத்திய. ஈரம் பட்டுட்டு. இப்பம் கரை. என்னைய வெளிய போவச் சொல்லணும்னா, உள்ளன்னு ஒண்ணு இருக்கணும்லா?"

மேனேஜர் சுற்றிப் பார்த்தார். பெர்னாந்தின் தகப்பனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொண்டுவந்த நோட்டீசைக் கதவில் ஒட்டச் சொல்லி ஆட்களிடம் கொடுத்தார். அவர்கள் பசையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தேடினார்கள். கடைசியில் சுவரில் ஒட்டினார்கள். அன்றைய ஏற்றம் அதை உரித்து எடுத்துக்கொண்டு போய், எழுத்தெல்லாம் கரைந்த பின் வெறும் காகிதமாகத் திருப்பிக் கொண்டுவந்து தந்தது.

மறுநாள் கட்டடத்துக்கு மின்சாரம் நின்றது. குடியிருப்பின் டிரான்ஸ்பார்மர் கம்பெனியின் கைக்குள் இருந்தது. எங்கோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டார்கள். தொட்டியின் மேல் விளக்கு அணைந்தது, மோட்டார் நின்றது, மொட்டெல்லாம் உள்ளே சுருங்கின, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. ஏற்றத்துக்கான நேரம் வந்தது, ஏற்றம் வரவில்லை. காலை நனைக்க உட்கார்ந்தவர்கள் காய்ந்த காலோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்புகள் தார்ரோட்டில் அபத்தமாக நின்றன. ஏற்றம் இல்லாமல் கோடு இனி நகராது, கம்பெனி வந்து கம்பையெல்லாம் பிடுங்கிவிடும், கித்தேரிக்குக் கதவும் போயிற்று கடலும் போயிற்று என்று யாரோ கீழே பேசுவது அவள் காதில் விழுந்தது.

"முடிஞ்சுட்டாக்கா?" என்று கேட்டாள் பிரகாசி. முதல் தடவையாக அவள் சிரிக்காமல் பேசினாள்.

கித்தேரி அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமும் வெள்ளையுமாக விடிந்து, உச்சிக்கு வந்து, சாய்கிற விளக்கு. இதைச் செய்தவன் எதைப் பார்த்துச் செய்தான்?

"இது நகலுதானட்டி" என்றாள். "அசலு மொட்டமாடில கெடக்கு."

மொட்டைமாடிக் கதவில் கம்பெனிப் பூட்டு. இஞ்ஞாசி அண்ணாச்சி கடப்பாரையை வாங்கி, தன் வயசுக்குப் பொருந்தாத ஒரே போடில் அதை உடைத்தார். மணலைக் கலைக்கவே கூடாது, கலைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நிஜாம் பாய் சொல்லியிருந்ததைக் கித்தேரி மறக்கவில்லை. ஆனாலும் கை வைத்தாள். தண்ணீர் குடங்குடமாகக் கை மாறிப் படியேறியது. கோமாளி மீன்கள் பிரகாசியின் பேசினில் போயின. அஸ்திவாரக் கற்களை ஆளுக்கொன்றாகக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கினார்கள்; ஈரத் துணி போட்டு மூடிக்கொண்டார்கள். மணலைத் தூக்குவாளிகளில் அள்ளினார்கள், எல்லா வீட்டுத் தூக்குவாளிகளிலும். வெறும் கண்ணாடித் தொட்டியை ஆண்கள் தோள் கொடுத்து, படகு ஏற்றுகிற பாட்டைப் பாடிக்கொண்டு, திருப்பத்தில் சாய்த்து, மூச்சைப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவன் பெர்னாந்து. பைக்கைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை.

வெட்டவெளியில், தலைக்கு நேர் வெயிலில், மணல் பரப்பி, கல் அடுக்கி, தண்ணீர் ஊற்றினார்கள். கலங்கிப் போனது. மீன்களை விட்டார்கள். யாரும் உட்காரவில்லை. கித்தேரி தொட்டி விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கலங்கல் மெல்ல மெல்ல அடங்கி, வெயில் தண்ணீருக்குள் ஊசி ஊசியாக இறங்கி மணலைத் தொட்டது தெரிந்தது. அடுப்படிக் கல்லில் மஞ்சள் மொட்டு ஒரு தடவை யோசித்தது, பிறகு திறந்தது. அவள் கைவிரல் நனைந்தது.

இந்தத் தடவை ஏற்றம் படிக்கட்டைத் தேடவில்லை. மொட்டைமாடி முழுக்க நிரம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மூன்று மாடியையும் ஒரே வெள்ளைத் துணியாகப் போர்த்திக்கொண்டு இறங்கி, ரேஷன் கடையையும் தார்ரோட்டையும் நின்று பார்க்காமல், பூவரசங் கம்புகளையெல்லாம் பிடுங்கித் தூக்கிக்கொண்டு, நேரே சுவரைப் பார்த்துப் போயிற்று. ஊர் அதன் பின்னால் ஓடவில்லை, நடந்தது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, திருநாள் பவனிக்குப் போகிற மாதிரி நடந்தது.

கேட்டுக்கு உள்பக்கம் சந்தியாகு நின்றான். பக்கத்தில் மேனேஜர். கேட் சாத்தியிருந்தது, பூட்டியிருந்தது. தண்ணீர் அதன் அடிவழியாக உள்ளே போய், வாட்ச்மேன் கூண்டைச் சுற்றி, பங்களாக்களின் புல்தரையை நனைத்து, எதிரேயிருந்து வந்த அசல் அலையோடு போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. எது எந்தத் தண்ணீர் என்று இனிச் சொல்ல முடியாது. கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் கித்தேரி வந்து நின்றாள்.

மேனேஜர், சாவியைக் கொடுக்காதே என்று சந்தியாகுவிடம் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். திறந்தால் இன்றோடு வேலை இல்லை என்றார்.

"தொறயும்" என்றாள் கித்தேரி.

சந்தியாகு அவளைப் பார்த்தான். அவள் பின்னால் தன்னை ஆபீசர் என்று கூப்பிட்ட முகங்களையெல்லாம் பார்த்தான். வேலை போனால் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும்; வீட்டில் இனி நாலு காசு ஒளித்துவைக்க ஒரு மூலைகூடக் கிடையாது என்பதும் தெரியும்.

"தொறக்க மாட்டேன்" என்றான்.

கூண்டுக்குள் போனான். ஸ்பேனரோடு வந்தான்.

"தொறந்தா மறுபடியும் சாத்திருவாவ. கழத்துதேன்."

துருப்பிடித்த நட்டு இறங்க நேரமானது. மேல்கீல், நடுக்கீல், கீழ்க்கீல். கீழ்க்கீலுக்குத் தண்ணீருக்குள் மண்டிபோட்டுக் கையை விட்டான். கேட் ஒரு பக்கமாகச் சாய, வெளியிலிருந்து பத்துப் பதினைந்து கைகள் அதைத் தாங்கிக்கொண்டன; சாயவிடாமல், சத்தமில்லாமல், மெதுவாகத் தரையில் படுக்கவைத்தன. இஞ்ஞாசி அண்ணாச்சி மிதந்துகொண்டிருந்த கம்பு ஒன்றைப் பிடித்து எடுத்து, சுவருக்கு வெளியே, தார்ரோட்டுக்கும் அப்பால், தண்ணீர் தொட்ட கடைசி இடம் எதுவோ அதைத் தேடிக்கொண்டு திரும்பி நடந்தார். மற்றவர்கள் உள்ளே போனார்கள். புல்தரையில் பிரகாசி பேசினைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். பங்களா ஜன்னல்களில் திரைகள் விலகின.

மேனேஜர் தனசேகர் கணுக்கால் தண்ணீரில் அதே இடத்தில் நின்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஷூ முழுக்க மணல் ஏறியிருந்தது. கித்தேரி பக்கத்தில் வந்தபோது, தான் இப்போது போக வேண்டுமா, எங்கே நிற்பது என்று அவர் கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

கித்தேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நில்லும் சார்" என்றாள். "கரைல யாரு வேணும்னாலும் நிக்கலாம். கதவு மட்டும் போடப்படாது."